நகரச் சாலைகளில் பொறுமையின்மையும் ஆபத்தான திருப்பங்களும்

பொறுமையற்ற வாகன ஓட்டம் என்பது, காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திராமல், சில விநாடிகளை மிச்சப்படுத்துவதற்காகப் பிறர் வழியில் குறுக்கிட்டு வண்டியைச் செலுத்துவதைக் குறிக்கும். மஞ்சள் விளக்கைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுதல், எதிரே வண்டி வந்துகொண்டிருக்கும்போதே வலப்புறம் திரும்புதல், திரும்பிக்கொண்டிருக்கும் பேருந்தின் இடப்பக்க இடைவெளிக்குள் நுழைதல், யூ-டர்ன் தொலைவில் இருக்கிறது என்பதற்காக ராங் ரூட்டில் ஓட்டுதல் ஆகியவை இதன் அன்றாட வடிவங்கள்.

நேர்ச்சாலையில் அவசரப்படுபவர் பெரும்பாலும் தம் தடத்திற்குள்ளேயே அவசரப்படுகிறார். திருப்பத்தில் அப்படியல்ல. திருப்பம் என்பது ஒருவர் தம் வழியை விட்டு மற்றவர் வழிக்குள் நுழையும் செயல். ஆகவே அங்கே காட்டப்படும் அவசரத்தின் விலையை, அவசரப்படாத ஒருவரும் சேர்ந்து கொடுக்க நேர்கிறது. நகரப் பயணத்தில் அவசரத்தால் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு. அதற்காக ஏற்கும் ஆபத்து மிகப் பெரிது. இந்த வரவு செலவுக் கணக்கை இக்கட்டுரை விளக்குகிறது.

விபத்துகளின் அளவு

உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணமாகச் சாலை விபத்தே இருக்கிறது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இங்கே 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் இறந்தனர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பாதசாரிகள் 19.5 விழுக்காட்டினர். அதாவது, இறந்தவர்களில் ஐவருக்கு மூவருக்கும் மேற்பட்டோர், தம்மைச் சுற்றி இரும்புக் கூடு ஏதுமில்லாமல் சாலையில் இருந்தவர்கள்.

விபத்துப் பதிவுகளில் அதிவேகம், எதிர்த்திசை ஓட்டம், சிவப்பு விளக்கை மீறுதல், குடிபோதை, கைபேசிப் பயன்பாடு என்று காரணங்கள் பிரிக்கப்படுகின்றன. பொறுமையின்மை என்று தனித் தலைப்பு கிடையாது. ஆனால் இத்தலைப்புகளில் முதல் மூன்றுக்கும் பின்னால் பல நேரங்களில் இருப்பது அதுவே.

அவசரத்தால் மிச்சமாகும் நேரம்

நெடுஞ்சாலையில் வேகத்தைக் கூட்டினால் பயண நேரம் கணிசமாகக் குறையும். அந்த அனுபவத்தை அப்படியே நகருக்குள்ளும் பொருத்திப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. நகரில் ஒருவர் எப்போது போய்ச் சேர்வார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஓடும் வேகம் அன்று. சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும் நேரமே.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். இரண்டு சிக்னல்களுக்கு இடையே 600 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவர் அதை 54 விநாடிகளில் கடப்பார். 60 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு 36 விநாடிகள் ஆகும். வேறுபாடு 18 விநாடிகள். அடுத்த சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வேகமாக வந்தவர் அந்த 18 விநாடிகளையும் நின்றே கழிப்பார். மெதுவாக வந்தவர் அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பச்சை விளக்கு எரியும்போது இருவரும் ஒன்றாகவே புறப்படுவார்கள்.

சென்னை அண்ணா சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ அலுவலக நேரத்தில் செல்பவர்கள் இதை நாள்தோறும் காணலாம். புகுந்து புகுந்து முந்திச் சென்ற அதே இருசக்கர வாகனம், அடுத்த சந்திப்பில் நான்கு வண்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும். சிக்னல் தவறாமல் வாய்த்து அந்த 18 விநாடி மிச்சமானாலும்கூட, ஒரு மணி நேரப் பயணத்தில் அது யாருக்கும் தெரியாத அளவு.

வண்டி நிற்க எடுக்கும் தூரம்

ஆதாயத்தைப் பார்த்தபின் செலவையும் பார்க்க வேண்டும். ஆபத்தைக் கண்ட கணத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை. கண் காண்பதற்கும், மூளை அதை உணர்வதற்கும், கால் பிரேக்கை அழுத்துவதற்கும் நேரம் ஆகிறது. இதை 1.5 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரம் முழுவதும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் பிரேக் பிடித்து நிற்க மேலும் சிறிது தூரம் தேவை.

நல்ல பிரேக், உலர்ந்த சாலை என்ற நிலையில், 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி முழுவதும் நிற்க ஏறத்தாழ 25 மீட்டர் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் வருவதற்கு ஏறத்தாழ 45 மீட்டர் ஆகும். முதல் வண்டி நின்றுவிட்ட அதே 25-ஆவது மீட்டரில்தான் இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் பிரேக்கையே அழுத்தத் தொடங்குகிறார். அந்த இடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்தால், முதல் வண்டி தொடாமல் நின்றிருக்கும். இரண்டாவது வண்டி ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்திலேயே மோதும்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் 40-இலிருந்து 60 ஆகும்போது, அதாவது ஒன்றரை மடங்கு ஆகும்போது, ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிறது. மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால், அல்லது டயர் தேய்ந்திருந்தால், நிற்கும் தூரம் இன்னும் நீளும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலந்து வழுக்குவதால் இருசக்கர வாகனங்கள் திருப்பங்களில் எளிதில் சறுக்கி விழுகின்றன.

சந்திப்பும் மோதல் புள்ளிகளும்

இரண்டு வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைச் சாலைப் பொறியியலில் மோதல் புள்ளி என்பர். இருவழிப் போக்குவரத்து கொண்ட சாதாரண நாற்சந்தியில் இத்தகைய புள்ளிகள் 32 உள்ளன. அவற்றில் 16 புள்ளிகளில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன; 8 புள்ளிகளில் இணைகின்றன; 8 புள்ளிகளில் பிரிகின்றன. முச்சந்தியில் மொத்தம் 9 புள்ளிகளே உள்ளன. பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடங்களே மிகக் கொடியவை. ஏனெனில் அங்கு மோதல் பக்கவாட்டில் நிகழ்கிறது. காரின் முன்புறத்தில் அடியைத் தாங்க எஞ்சின் பகுதி உண்டு; பக்கத்தில் கதவு ஒன்றே உண்டு. இருசக்கர வாகனத்திலோ அங்கே ஓட்டுபவரின் கால்தான் இருக்கிறது.

சிக்னல் செய்யும் வேலை, இந்த 32 புள்ளிகளையும் நேரத்தால் பிரித்து வைப்பது. ஒரு பாதைக்கு இப்போது, மற்றதற்குப் பிறகு என்று அது முறை வகுக்கிறது. ஒருவர் தம் முறைக்கு முன்போ பின்போ நுழையும்போது, பிரித்து வைக்கப்பட்ட இரண்டு பாதைகள் மீண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திற்கு வந்துவிடுகின்றன.

வலப்புறத் திருப்பம்

இந்தியாவில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. எனவே வலப்புறம் திரும்புபவர் எதிரே வரும் போக்குவரத்து முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. இரு தடங்கள் கொண்ட ஏழு மீட்டர் அகலத்தை, நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் கடக்க ஒரு வண்டிக்கு நான்கு விநாடிகள் ஆகும் என்று கொள்வோம். எதிரே 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த நான்கு விநாடிகளில் 55 மீட்டர் வந்துவிடும். நான்கைந்து மாநகரப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நீளம் அது. அவ்வளவு தொலைவில் வரும் வண்டியைப் பார்த்து, தூரமாகத்தானே வருகிறது என்று எண்ணுவது மனித இயல்பு.

எதிரே வருவது இருசக்கர வாகனமாக இருந்தால் இந்த மதிப்பீடு மேலும் பிழையாகும். கண், ஒரு பொருளின் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான் அதன் நெருக்கத்தையும் வேகத்தையும் கணிக்கிறது. லாரியின் உருவம் பெரியது. அதன் வளர்ச்சி உடனே புலப்படும். மோட்டார் சைக்கிளின் முன்தோற்றம் மெலிந்தது. வெகு அருகில் வரும் வரை அது பெரிதாவது தெரிவதில்லை. ஆகவே அது இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றுகிறது. விபத்துக்குப் பின் பல கார் ஓட்டுநர்கள் வண்டி வந்ததையே பார்க்கவில்லை என்று சொல்வது எப்போதும் பொய்யன்று. காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் பக்கத்தூண், ஒரு மோட்டார் சைக்கிளை முழுவதுமாக மறைத்துவிடக் கூடியது.

இன்னொரு மறைவு, நின்றுவிட்ட வண்டியால் உண்டாகிறது. எதிர்த்திசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் நின்று, கையசைத்து வழிவிடுகிறார். திரும்புபவர் நன்றியோடு விரைகிறார். பேருந்தின் மறுபுறத் தடத்தில் வந்துகொண்டிருக்கும் ஸ்கூட்டருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. ஒருவர் விட்ட வழி, சாலையில் உள்ள எல்லோரும் விட்ட வழி ஆகாது.

இடப்புறத் திருப்பமும் பெரிய வண்டிகளும்

இடப்புறம் திரும்புவதில் எதிர்ப்போக்குவரத்தைக் கடக்க வேண்டியதில்லை. எனவே அது பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. அங்கே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது.

நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே வருவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. இதனால் பேருந்து ஓட்டுநரும் தண்ணீர் லாரி ஓட்டுநரும் இடப்புறம் திரும்புமுன் வண்டியைச் சற்று வலப்புறம் ஒதுக்கித்தான் திருப்ப முடியும். அப்போது இடப்பக்கத்தில் ஓர் இடைவெளி தோன்றுகிறது. பின்னால் காத்திருக்கும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அது தமக்காகத் திறந்த வழி போலத் தெரிகிறது. அவர் உள்ளே நுழைகிறார். வண்டி வளைய வளைய அந்த இடைவெளி சுருங்கி, நடைமேடைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அவர் சிக்கிக்கொள்கிறார்.

ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். வண்டியின் இடப்புறத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியிலும் முழுமையாகத் தெரியாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாத இடத்தில் இருந்தால், ஓட்டுநருக்கும் தம்மைத் தெரியவில்லை என்று கொள்ள வேண்டும். இண்டிகேட்டர் போட்ட பெரிய வண்டியின் இடப்பக்கம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அதற்குப் பின்னாலேயே நிற்பதுதான் உயிருக்குக் காவல்.

சிக்னலுக்குக் காத்திராமல் இடப்புறம் திரும்பலாம் என்று அனுமதிக்கப்பட்ட சந்திப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. பாதசாரிகள் அதே இடத்தில்தான் சாலையைக் கடக்கிறார்கள். திரும்புபவரின் கண் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் மீது இருக்கும். கால் முன்னே இருக்கும் முதியவரை நோக்கி வண்டியைச் செலுத்திக்கொண்டிருக்கும். ஃப்ரீ லெஃப்ட் என்ற பலகை நிற்காமல் போவதற்கான உரிமை அன்று. பாதசாரிக்கு வழிவிட்டபின் செல்லலாம் என்பதே அதன் பொருள்.

யூ-டர்னும் எதிர்த்திசை ஓட்டமும்

ஒரு சாதாரணக் கார் முழுவட்டம் அடிக்க ஏறத்தாழ பத்து மீட்டர் விட்டம் வேண்டும். ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். ஆகவே நடுத்தடுப்பின் இடைவெளியில் யூ-டர்ன் எடுக்கும் கார், எதிர்ப்பக்கத்தின் மூன்று தடங்களையும் ஏறக்குறைய முழுவதும் துடைத்துக்கொண்டே திரும்புகிறது. பாதியில் இடம் போதாமல் நின்று, பின்னால் எடுத்து, மீண்டும் திரும்ப நேர்ந்தால் மூன்று தடங்களும் அடைபடும். இரண்டு மூன்று வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று ஒரே நேரத்தில் திரும்பும் வழக்கம் நம் நகரங்களில் பரவலாக உள்ளது. அப்போது உட்புற வண்டியின் ஓட்டுநருக்கு வெளிப்புற வண்டி பார்வையை மறைக்கிறது. அது நகர்ந்தால் தாமும் நகரலாம் என்று அவர் பார்க்காமலே நகர்கிறார்.

யூ-டர்ன் தள்ளி இருக்கும் இடங்களில் அரைக் கிலோமீட்டர் சுற்றைத் தவிர்க்கப் பலர் ராங் ரூட்டில் செல்கின்றனர். சாலையோரமாக மெதுவாகத்தான் செல்கிறோம் என்பது அவர்கள் கூறும் சமாதானம். ஆனால் நேருக்கு நேர் வரும்போது இரு வண்டிகளின் வேகமும் கூடுகிறது. ஒருவர் 30 கி.மீ. வேகத்திலும் மற்றவர் 50 கி.மீ. வேகத்திலும் வந்தால், இடைவெளி மணிக்கு 80 கி.மீ. என்ற அளவில் குறைகிறது. 40 மீட்டர் இடைவெளி இரண்டு விநாடிக்குள் மறைந்துவிடும்.

இதைவிட முக்கியமானது மற்றவர்களின் எதிர்பார்ப்பு. பக்கத் தெருவிலிருந்து பிரதான சாலைக்கு வந்து இடப்புறம் திரும்புபவர் வலப்பக்கம் மட்டுமே பார்க்கிறார். வண்டிகள் வரவேண்டிய திசை அதுதான். சாலையைக் கடக்கும் பாதசாரியும் முதலில் வலப்பக்கமே பார்த்துக் காலை எடுத்து வைக்கிறார். ராங் ரூட்டில் வருபவர் இருவரும் பார்க்காத திசையிலிருந்து வருகிறார். விதியை ஒழுங்காகப் பின்பற்றியவரே அடிபடுகிறார்.

மஞ்சள் விளக்கும் எண் காட்டும் கடிகாரமும்

மஞ்சள் விளக்கு, பாதுகாப்பாக நிற்க முடிந்தவர்கள் நிற்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு. நிறுத்தக்கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டவர் மட்டுமே கடந்து செல்லலாம். நிற்கவும் தூரம் போதாமல், சிவப்பு விழுவதற்குள் கடக்கவும் நேரம் போதாமல் ஒரு வண்டி அகப்பட்டுக்கொள்ளும் இடைப்பகுதி ஒன்று உண்டு. டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்சி மாரதுதின் ஆகிய மூவர் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இச்சிக்கலைக் கணித முறையில் விளக்கியது. மஞ்சள் விளக்கின் நேரம், சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைக் கொண்டே வகுக்கப்படுகிறது. அதற்குமேல் வேகமாக வருபவருக்கு அந்த நேரம் போதாது. இடர்ப்பகுதியை அவரே தமக்கு உண்டாக்கிக்கொள்கிறார்.

எத்தனை விநாடி மீதி என்று எண் காட்டும் சிக்னல்களில் மற்றொரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. சிவப்பில் நிற்பவர்கள் எண் 3 ஆனதும் கிளம்பிவிடுகின்றனர். குறுக்குச் சாலையில் மஞ்சளைக் கண்டு வேகம் கூட்டியவர் அதே நேரத்தில் சந்திப்பின் நடுவே இருக்கிறார். ஒருவர் மூன்று விநாடி தாமதம், மற்றவர் மூன்று விநாடி முந்தல். இருவரும் சரியாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் நடுவில், பாதிச் சாலையைக் கடந்துவிட்ட பாதசாரி நிற்கிறார்.

பொறுமை குறைவது ஏன்

பொறுமையின்மையைத் தனிமனிதக் குணக்கேடு என்று மட்டும் கூறி ஒதுக்க முடியாது. காத்திருக்கும் நேரம், ஓடும் நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். சிக்னல் இல்லாத திருப்பத்தில் நீண்ட நேரம் காத்திருப்பவர்கள், தொடக்கத்தில் வேண்டாம் என்று விட்ட அளவுக்குச் சிறிய இடைவெளியையும் பின்னர் ஏற்றுக்கொள்வதைப் போக்குவரத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. இடைவெளி பெரிதாகவில்லை, பொறுமைதான் சிறிதாகிவிட்டது.

பின்னால் நிற்பவர்களின் ஹாரனும் ஒரு காரணம். புதிதாகக் கார் ஓட்டப் பழகியவர் எதிர்ப்பக்கம் காலியாகட்டும் என்று நிற்கும்போது, பின்னால் எழும் தொடர்ச்சியான ஒலி அவரை உந்துகிறது. தம் கண் சொல்வதை விட்டுவிட்டு, பிறர் அவசரத்துக்காக அவர் திரும்புகிறார். மோதல் நேர்ந்தால் ஹாரன் அடித்தவர் ஒதுங்கிச் சென்றுவிடுவார்.

வேலையின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. நடைக்கணக்கில் வருமானம் பெறும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர், குறித்த நிமிடத்துக்குள் உணவைக் கொண்டுசேர்க்க வேண்டியவர், வருகைப்பதிவுக்கு ஓடும் தொழிலாளி ஆகியோருக்கு விநாடி என்பது காசு. அவர்களுக்கு அறிவுரை மட்டும் போதாது. நேரத்தை விதிப்பவர்களும் பொறுப்பேற்க வேண்டும்.

நெரிசலைக் கூட்டும் அவசரம்

அவசரப்படுபவர் நெரிசலிலிருந்து தப்புவதாக நினைக்கிறார். உண்மையில் நெரிசலின் ஒரு பகுதியை அவரே உண்டாக்குகிறார். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள் ஒரே வேகத்தில் ஓட்டப்பட்டன. சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை, தடை ஏதுமில்லை. சிறிது நேரத்திலேயே சிறுசிறு வேக மாற்றங்கள் பெருகி, சில கார்கள் முழுவதும் நிற்க நேர்ந்தது. அந்த நெரிசல் ஓர் அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் திடீரென்று நுழைவதும் மற்றவர் திடீரென்று பிரேக் பிடிப்பதும் பின்னால் எத்தனையோ வண்டிகளை நிறுத்துகின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் ரயில்வே கேட். கேட் மூடியதும் இருபுறமும் வண்டிகள் தம் பக்கத்தை நிரப்பியபின், முன்னால் போகும் ஆசையில் எதிர்ப்பக்கத்தையும் நிரப்புகின்றன. ரயில் போய்க் கேட் திறந்ததும் இரு கூட்டங்களும் நேருக்கு நேர் நின்று விழிக்கின்றன. ஒரே வரிசையில் நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் கலைந்திருக்கும் கூட்டம், நெடுநேரம் முட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் இருந்தால் அதுவும் நிற்கும்.

சட்டம் கூறுவது

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தான ஓட்டத்தைப் பற்றியது. சிவப்பு விளக்கை மீறுதல், நிறுத்தக் குறியை மதிக்காமை, கையில் கைபேசியுடன் ஓட்டுதல், முறையின்றி முந்துதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு வழிவிடாவிட்டால் 194-இ பிரிவின்கீழ் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். முந்தைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது.

சாலை வடிவமைப்பின் பங்கு

மனிதர் தவறுவர் என்பதை ஏற்றுக்கொண்டு, அத்தவறு மரணத்தில் முடியாதவாறு சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையைச் சுவீடன் 1997-இல் ஏற்றது. இக்கொள்கையின்படி திருப்பங்களே முதலில் கவனிக்கத்தக்கவை. வலப்புறம் திரும்புபவருக்குத் தனிப் பச்சை விளக்கு கொடுத்தால் அவர் இடைவெளி தேடி ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு திசைக்குச் சிவப்பு விழுந்தபின், மறுதிசைக்குப் பச்சை வருமுன், எல்லாத் திசைக்கும் சில விநாடி சிவப்பு வைத்தால் சந்திப்பு காலியாகும். சிறிய வட்டச் சந்திப்பில் மோதல் புள்ளிகள் 32-இலிருந்து 8 ஆகக் குறைகின்றன. வண்டிகள் வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் வேகமும் தானே குறைகிறது.

சென்னை கத்திப்பாராவில் 2008-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மேம்பாலம், ஒன்றையொன்று வெட்டிய பாதைகளை வெவ்வேறு உயரங்களுக்குப் பிரித்தது. ராஜீவ் காந்தி சாலையில் இந்திரா நகர், டைடல் பார்க் சந்திப்புகளில் கட்டப்பட்ட யூ வடிவ மேம்பாலங்களின் நோக்கமும் திரும்பும் வண்டிகளை நேர்ப்போக்கிலிருந்து விலக்குவதே. வாகனங்கள் வலப்புறமாகச் செல்லும் அமெரிக்காவில், நமது வலப்புறத் திருப்பத்துக்கு இணையானது இடப்புறத் திருப்பம். அங்கே யூபிஎஸ் என்னும் பொதி விநியோக நிறுவனம், இயன்றவரை இடப்புறத் திருப்பங்களைத் தவிர்த்தே தன் வண்டிகளுக்கு வழி வகுக்கிறது. சற்றுச் சுற்றிப் போனாலும் காத்திருப்பும் எரிபொருளும் மிச்சம் என்பது அதன் கணக்கு.

பாதுகாப்பாகத் திரும்பும் முறை

திரும்பப் போவதைக் குறைந்தது 30 மீட்டருக்கு முன்பே இண்டிகேட்டரால் தெரிவித்து, கண்ணாடியில் பார்த்து, உரிய தடத்துக்குப் படிப்படியாக வர வேண்டும். வலப்புறம் திரும்புபவர் சாலையின் நடுப்பகுதியை ஒட்டியும், இடப்புறம் திரும்புபவர் இடது ஓரத்தை ஒட்டியும் வருதல் முறை. எதிரே நேராக வருபவருக்கே முன்னுரிமை. சிக்னலோ காவலரோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும்.

காத்திருக்கும்போது சக்கரத்தை நேராக வைத்திருப்பது நல்லது. முன்கூட்டியே வலப்புறம் திருப்பி வைத்தால், பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தாலும் தம் வண்டி எதிர்ப்போக்குக்குள் தள்ளப்படும். பக்கத்தூண் மறைக்கும் பகுதியைக் காண, இருக்கையில் சற்று முன்னும் பின்னும் அசைந்து பார்க்க வேண்டும். முதலில் வண்டி, அடுத்து இருசக்கர வாகனம், கடைசியாகப் பாதசாரி என மூன்று முறை தேடுவது பயனுள்ள பழக்கம். திருப்பத்தைத் தவறவிட்டால் திடீரென்று குறுக்கே வெட்டாமல் அடுத்த திருப்பம் வரை சென்று வருவதே சரி.

விபத்து நேர்ந்தால்

காயமடைந்த பின்னான முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் எனப்படுகிறது. உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். உதவிக்கு வருபவர்களை வழக்கில் சிக்க வைக்கவோ, பெயர் முகவரி கூறக் கட்டாயப்படுத்தவோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 என்ற திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சையைப் பெறலாம்.

இவை எல்லாம் விபத்துக்குப் பின் செய்யத்தக்கவை. அதற்கு முன் செய்யத்தக்கது எளியது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால், வழியிலுள்ள எந்தத் திருப்பத்திலும் அவசரப்பட வேண்டிய தேவை வராது. அப்படிப் புறப்பட முடியாத நாளில், தாமதமாகப் போய்ச் சேர்வதற்கு ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும்.